லாரியில் வருவது எந்தக் கழிவு?

கேள்வி: பாலக்கோட்டுக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவில் எங்களுக்கு மூன்றரை ஏக்கர் செம்மண் நிலம் இருக்கிறது. இரண்டு ஏக்கரில் மானாவாரி நிலக்கடலை, ஒரு ஏக்கரில் சொட்டுநீரில் தக்காளி, மிச்சத்தில் பெங்களூரா மா. மாடு இரண்டுதான், எரு போதவில்லை. போன மாதம் ஒரு லாரிக்காரர் வந்தார். காகித ஆலைக் கழிவு இலவசம், வண்டி வாடகை மட்டும் கொடுங்கள், கொட்டி உழுதுவிட்டால் போதும், சுண்ணாம்புச் சத்து இருப்பதால் கடலை திரட்சியாகக் காய்க்கும் என்கிறார். மாதிரிக்கு ஒரு கோணிப்பை கொடுத்திருக்கிறார். சாம்பல் நிறத்தில் ஈரமாக, ஊறிய அட்டை போல இருக்கிறது. ஆனால் எங்களுக்கு மேற்கே உள்ள நிலத்துக்காரர் போன ஆண்டு இதே ஆலைக் கழிவு என்று வெள்ளையாக ஒன்றைப் போட்டார். அவருடைய கடலை முழுவதும் மஞ்சளடித்துவிட்டது. என் மகன், இயற்கை வேளாண் சான்றிதழ் வாங்கப் போகிறோம், இதெல்லாம் வேண்டாம் என்கிறான். வாங்கலாமா, வேண்டாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தருமபுரி மாவட்டம்

பதில்: ஐயா, வணக்கம். வாங்கலாம். ஆனால் லாரிக்காரர் சொல்லும் விதத்தில் அல்ல, அவர் சொல்லும் பயிருக்கும் அல்ல. உங்கள் கோணிப்பையில் இருப்பதும் மேற்கு நிலத்தில் விழுந்ததும் ஒரே ஆலையிலிருந்து வந்திருக்கலாம்; இரண்டும் ஒரே பொருள் அல்ல. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் கொட்டுவதால்தான் காகித ஆலைக் கழிவுக்கு ஒரு ஊரில் நல்ல பெயரும் அடுத்த ஊரில் கெட்ட பெயரும் வருகின்றன.

மரத்தையோ கரும்புச் சக்கையையோ காரத்தில் வேகவைத்துத்தான் கூழ் எடுக்கிறார்கள். வேகவைத்த காரத்தை ஆலை வீணாக்காது. சுண்ணாம்பு சேர்த்து மீட்டெடுக்கும். அப்போது அடியில் தங்குவது சுண்ணாம்புக் கசடு. பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், கூடவே கழுவப்படாமல் நின்ற கொஞ்சம் சோடாக் காரம். மரம் மட்டும் பயன்படுத்தும் ஆலைகள் இந்தக் கசடைச் சூளையில் சுட்டு மறுபடியும் சுண்ணாம்பாக்கிக்கொள்கின்றன. கரும்புச் சக்கை, வைக்கோல் பயன்படுத்தும் ஆலைகளில் அது எளிதல்ல. சக்கையில் இருக்கும் சிலிக்கா சேர்ந்துகொண்டே போய்ச் சூளையைக் கெடுக்கும். அதனால் அங்கே இது வெளியே தள்ள வேண்டிய பொருளாகிவிடுகிறது. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள டி.என்.பி.எல். (தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம்) ஆலை இந்தக் கசடையும் கொதிகலன் சாம்பலையும் வைத்துச் சிமெண்ட் தயாரிக்கிறது. சிமெண்டுக்குப் போகக்கூடிய ஒரு பொருளை நிலத்தில் போடுவதற்கு முன் நிலத்துக்கு அது தேவையா என்று கேட்டுவிடுவது நல்லது.

உங்கள் பையில் உள்ள சாம்பல் நிறப் பொருள் வேறு வழியில் வருவது. கூழைக் கழுவும்போதும் காகிதம் வார்க்கும்போதும் நீரோடு நழுவும் சிறு நார்கள், காகிதத்துக்கு வெண்மையும் வழவழப்பும் தருவதற்காகச் சேர்க்கும் வெள்ளைக் களிமண், சுண்ணாம்புத் தூள் ஆகியவை கழிவுநீர்த் தொட்டியில் அடியில் படிகின்றன. அதைப் பிழிந்து எடுத்தால் நார்க் கசடு. அந்த நீரை அடுத்த தொட்டியில் நுண்ணுயிர்களை வளர்த்துச் சுத்தம் செய்வார்கள். நுண்ணுயிர்களுக்குத் தீனியாக யூரியாவும் டி.ஏ.பி.யும் போடுவதும் உண்டு. அங்கே சேரும் கசடு கறுப்பாக, நாற்றத்தோடு, தழைச்சத்து நிறைந்ததாக இருக்கும். பல ஆலைகள் இரண்டையும் கலந்தே வெளியே அனுப்புகின்றன.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். பையிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கால் மணி நேரம் வையுங்கள். நார் பஞ்சுத் திரி போல மேலேயும் நடுவிலும் தொங்கும். களிமண் பால் போல மெல்ல இறங்கும். பிளாஸ்டிக் துணுக்கு, பின் ஊசி, பளபளக்கும் தகடு மிதந்தாலோ படிந்தாலோ அது பழைய காகிதத்தை மறுசுழற்சி செய்யும் ஆலையின் கசடு; அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இன்னொரு பிடியைக் காயவைத்து அதன்மேல் வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ விடுங்கள். பொங்கி நுரைத்தால் சுண்ணாம்பு அதிகம். சில குமிழிகள் மட்டும் வந்தால் காகிதத்தில் கலந்த தூள்தான்.

மூன்றாவது சோதனைக்குத் தராசு வேண்டும். ஒரு கிலோ ஈரக் கசடை வெயிலில் நன்றாகக் காயவைத்து எடை போடுங்கள். பெரும்பாலும் 300 முதல் 400 கிராம்தான் மிஞ்சும். காய்ந்ததில் 100 கிராமை ஒரு பழைய இரும்புச் சட்டியில் போட்டு, திறந்த வெளியில், புகை முகத்தில் அடிக்காமல் நின்று, புகை அடங்கிச் சாம்பல் வெளுக்கும்வரை எரியுங்கள். எரிந்து போனது கரிமப் பொருள். மிஞ்சியது களிமண்ணும் சுண்ணாம்பும். 60 கிராமுக்கு மேல் மிஞ்சினால் லாரியைத் திருப்பி அனுப்பிவிடலாம். நூறு கிலோமீட்டர் தாண்டி வாடகை கொடுத்துக் களிமண் வாங்கும் அளவுக்கு நம் ஏரிகளில் வண்டலுக்குப் பஞ்சம் வந்துவிடவில்லை.

மேற்கு நிலத்துக்கு வருவோம். வெள்ளையாக இருந்தது, கடலை மஞ்சளடித்தது என்ற இரண்டு செய்தியும் சேர்ந்தால் அது சுண்ணாம்புக் கசடு என்றே நினைக்கிறேன். ஆனால் மஞ்சளில் இரண்டு வகை உண்டு. அடுத்த முறை இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். நுனியில் உள்ள இளம் இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று, நரம்புகளுக்கு நடுவில் மஞ்சளாகி, முற்றினால் காகிதம் போல வெளுத்தால் அது இரும்புச்சத்துக் குறை. அடியில் உள்ள முதிர்ந்த இலைகள் நரம்போடு சேர்ந்து ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. சுண்ணாம்புக் கசடு முதல் வகையை உண்டாக்கும். செம்மண்ணில் இரும்புக்குக் குறைவில்லை. அந்தச் சிவப்பு நிறமே இரும்புதான். ஆனால் சுண்ணாம்பு சேர்ந்து மண்ணின் காரநிலை ஏறும்போது இரும்பு கரையாத வடிவத்துக்குப் போய்விடுகிறது. காலடியில் இருந்தும் வேருக்குக் கிடைக்காது. துத்தநாகமும் அப்படியே.

அமில மண்ணுக்குச் சுண்ணாம்புக் கசடு நல்ல மருந்து. மண் பரிசோதனையில் கார அமில நிலை (pH) 6-க்குக் கீழே வந்தால் போடலாம். தளி, தேன்கனிக்கோட்டை மேட்டுப் பகுதிகளில் சில நிலங்களுக்கு அது பொருந்தக்கூடும். பாலக்கோடு பக்கம் நிலைமை வேறு. ஆழ்துளைக் கிணற்று நீர் பாயும் நிலத்தில் சொட்டுநீர்க் குழாயின் துளைகளை வெள்ளையாக அடைக்கிறதே ஒரு படிவு, அமிலம் விட்டுச் சுத்தம் செய்கிறீர்களே, அதுவும் கால்சியம் கார்பனேட்தான். ஒவ்வொரு பாசனத்திலும் காசில்லாமல் வந்து சேர்ந்துகொண்டிருக்கும் பொருளை வாடகை கொடுத்து வரவழைக்க வேண்டியதில்லை.

மேற்கு நிலத்துக்காரரிடம் சொல்லுங்கள்: மறுபடி அங்கே கடலை போட்டு மஞ்சள் தெரிந்தால், பத்து லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 10 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை இலையில் தெளிக்கலாம். மண்ணில் போடும் அன்னபேதி அந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து வீணாகும். தொழு உரம் கூடுதலாகக் கொடுத்தால் நிலைமை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும்.

கடலைக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று லாரிக்காரர் சொன்னது பொய்யில்லை. எந்தச் சுண்ணாம்பு என்பதில்தான் அவர் வழுக்குகிறார். விழுது மண்ணுக்குள் இறங்கிய பிறகு காய் தனக்கு வேண்டிய கால்சியத்தைப் பெரும்பாலும் வேர் வழியாக வாங்குவதில்லை. தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து ஓடு வழியாகவே நேரடியாக உறிஞ்சுகிறது. அந்த இரண்டு அங்குல மண்ணில், அந்த நேரத்தில், தண்ணீரில் கரைந்த கால்சியம் இருந்தால்தான் பருப்பு திரளும், இல்லாவிட்டால் பொக்கு. கால்சியம் கார்பனேட் அவ்வளவு எளிதில் கரையாது. ஜிப்சம் கரையும், கந்தகமும் தரும், காரநிலையை ஏற்றாது. ஏக்கருக்கு 160 கிலோ, விதைத்த 40 முதல் 45 நாளில், செடியின் அடியில் தூவி மண் அணைக்க வேண்டும். மானாவாரியில் அந்த வாரம் மண்ணில் ஈரம் இல்லையென்றால் மழைக்குக் காத்திருந்து போடுங்கள். உங்கள் இரண்டு ஏக்கர் கடலைக்கு இதுதான் வழி. காகித ஆலைக்கு அங்கே வேலை இல்லை.

இனி நார்க் கசடு. செம்மணல் கலந்த உங்கள் மண்ணுக்கு இதில் உண்மையிலேயே பயன் உண்டு. நம் பகுதி மண் பரிசோதனை அட்டைகளில் கரிமச்சத்து அரை சதவிகிதத்துக்குக் கீழே, 'குறைவு' என்ற கட்டத்தில் நிற்பதைத்தான் அதிகம் பார்க்கிறேன். மழை பெய்த மூன்றாம் நாள் மேல்மண் காய்ந்து தகடு தட்டுவதற்கு அதுவே காரணம். நார் மட்கி மண் துகள்களை ஒட்டவைக்கும். அதோடு வரும் வெள்ளைக் களிமண், மணற்பாங்கான மண்ணில் ஈரத்தைப் பிடித்துவைக்கும். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் நடுப்பகுதி முழுக்க மணல் நிலம். அங்கே உருளைக்கிழங்கு, பீன்ஸ், வெள்ளரி சுழற்சியில் காகித ஆலைக் கசடைப் பச்சையாகவும் மட்கவைத்தும் போட்டு ஆராய்ந்தார்கள். மண்ணில் கரிமமும் பயிருக்குக் கிடைக்கும் ஈரமும் கூடின. மட்கிய கசடு போட்ட இடத்தில் பீன்ஸின் வேரழுகலும் குறைந்தது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் பீன்ஸ் போடுகிறவர்களுக்கு இந்தக் கடைசிச் செய்தி உபயோகப்படும்.

ஆனால் 'கொட்டி உழுதுவிடுங்கள்' என்பதை மட்டும் கேட்காதீர்கள். கணக்கைப் பாருங்கள். உங்கள் கசடில் ஒரு டன்னுக்கு 350 கிலோ காய்பொருள் என்று வைப்போம். அதில் 30 சதவிகிதம் கரிமம் என்றால் 105 கிலோ. தழைச்சத்து ஒன்றேகால் கிலோ தேறினால் அதிகம். கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 80-ஐத் தாண்டுகிறது. கறுப்புக் கசடு கலக்காத வெறும் நார் என்றால் 100, 200 என்றுகூடப் போகும். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் இவ்வளவு கரிமத்தைத் தின்று பெருக வேண்டுமானால் அவற்றுக்குத் தழைச்சத்து வேண்டும். கசடில் இல்லாததை மண்ணிலிருந்து கடன் வாங்கும். கடனை அவை திருப்பிக் கொடுப்பது உண்டு, ஆனால் அடுத்த பட்டத்தில். வட்டியை இந்தப் பட்டத்துத் தக்காளி கட்டும். ஏக்கருக்கு ஐந்து டன் பச்சைக் கசடு போட்டால், என் கணக்கில் ஏறக்குறைய 15 கிலோ தழைச்சத்து இப்படி முடங்கும். 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பதே 20 கிலோ சொச்சம். செடி நட்ட மூன்றாவது வாரத்தில் அடி இலைகள் சீராக மஞ்சளாகி நிற்கும். நான் முன்னே சொன்ன இரண்டாம் வகை மஞ்சள் அதுதான்.

இன்னொரு தொல்லையும் உண்டு. குவியலாகக் கொட்டிய நார்க் கசடு நாலு நாள் வெயிலில் காய்ந்தால் அட்டையாக இறுகிவிடும். ரொட்டவேட்டர் ஓட்டினாலும் முட்டை அளவு உருண்டைகளாகத்தான் உடையும். ஒன்றைப் பிளந்து பாருங்கள்: வெளியே சாம்பல் நிறம், உள்ளே வெளுத்து, தண்ணீர் விட்டால் மேலே ஓடி வழியும். அந்த உருண்டைகள் ஒரு வருடம் மண்ணில் அப்படியே கிடக்கும். எனவே லாரி இறக்கிய அன்றோ மறுநாளோ, ஈரம் இருக்கும்போதே கலவை வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

மட்கவைப்பதுதான் வழி. நம் மாவட்டங்களுக்கு இது புதிது அல்ல. போச்சம்பள்ளி, காவேரிப்பட்டினம் பக்கம் தென்னை நார்க் கழிவை மட்கவைக்கிறார்கள். அதன் விகிதமும் 100-க்கு மேல்தான். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை ஒரு டன் நார்க் கழிவுக்கு 5 கிலோ யூரியா, ஐந்து புட்டி சிப்பிக்காளான் வித்து. உங்கள் கசடுக்கும் கணக்குப் போட்டால் அதே 5 கிலோ யூரியாவில்தான் வந்து நிற்கிறது. ஆனால் யூரியாவை விட எருவைச் சேர்ப்பது எனக்குப் பிடித்த முறை. நுண்ணுயிரும் சேர்ந்து வரும்; மகன் கேட்கும் சான்றிதழுக்கு யூரியா ஆகாது, எந்த எரு ஆகும் என்பதைச் சான்றளிப்பவரிடம் கேட்டுவிடுங்கள். ஒரு டன் ஈரக் கசடுக்கு 150 கிலோ காய்ந்த பிராய்லர் கோழி எரு போதும். விகிதம் 30-க்கு வந்துவிடும். ஊரில் யாராவது பட்டுப்புழு வளர்த்தால் இன்னும் நல்லது: படுக்கையிலிருந்து வாரும் புழு எச்சமும் தின்று மீந்த மல்பெரித் தழையும் தழைச்சத்தில் கோழி எருவுக்குப் பக்கத்தில் நிற்கும். தருமபுரியில் இதை ஓடையில் கொட்டுகிறவர்களை இன்னும் பார்க்கிறேன், கோபமாக வருகிறது. எதுவும் கிடைக்காவிட்டால் மாட்டுச் சாணம் கசடுக்குச் சமமாகச் சேர்க்க வேண்டியிருக்கும், உங்கள் இரண்டு மாட்டுக்கு அது கட்டுப்படியாகாது. மாவின் உதிர்ந்த சருகு, கடலைக் கொடி, துண்டாக்கிய தட்டு எதையாவது கலந்தால் காற்று புகும். வெறும் கசடு சேறாக அழுந்தி மூச்சு முட்டும்.

மேடான, நிழலான இடத்தில் தரையை நன்றாகத் திமிசு போட்டு, ஐந்தடி அகலம், மூன்றரை அடி உயரம் குவியுங்கள். நீளம் உங்கள் விருப்பம். பல்கலைக்கழகத்தின் உயிரி மட்குக் கலவை கிடைத்தால் டன்னுக்கு 2 கிலோவை 20 லிட்டர் தண்ணீரில் கரைத்து அடுக்குக்கு அடுக்குத் தெளிக்கலாம். ஈரத்துக்குக் கைப்பிடிச் சோதனை போதும்: பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், சொட்டக் கூடாது. நாலைந்து நாளில் ஒரு கடப்பாரையைக் குவியலின் நடுவில் செருகிப் பத்து நிமிடம் விட்டு எடுங்கள். முனையை உள்ளங்கையால் பிடிக்க முடியாத அளவு சுட்டால் வேலை நடக்கிறது. களை விதையும் நோய்க் கிருமியும் சாகும் சூடு அது. சுடாவிட்டால் ஈரமோ எருவோ குறைவு. அம்மோனியா நெடி மூக்கில் ஏறினால் எரு அதிகம், சருகு சேருங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிளறுங்கள். மூன்றரை, நான்கு மாதத்தில் பாதியாக வற்றி, கறுத்து, கிளறினாலும் சூடு ஏறாத நிலைக்கு வரும். மாசியில் குவித்தால் ஆடிப் பட்டத்துக்குத் தயாராகிவிடும்.

தயாரானதா என்பதைச் செடியிடமே கேட்டுவிடலாம். இரண்டு தொட்டி எடுங்கள். ஒன்றில் வெறும் தோட்டத்து மண், இன்னொன்றில் மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு இந்த மட்கு. இரண்டிலும் இருபது பச்சைப்பயறும் இருபது தக்காளி விதையும் போடுங்கள். மட்குத் தொட்டியில் முளைப்பு குறைந்தாலோ, முளைத்த வேர் நுனி பழுப்பாகக் கருகினாலோ, இன்னும் மட்கவில்லை அல்லது உப்பு அதிகம் என்று அர்த்தம். இந்த எளிய சோதனையைத் தவறவிட்டு நேராக வயலில் போடுவதற்கு என்ன அவசரம் என்று எனக்கு விளங்கியதே இல்லை.

தக்காளிக்கு ஏக்கருக்கு இரண்டு முதல் மூன்று டன், பாரில் நடவு வரிசையில் போட்டு மண்ணோடு கலந்துவிடுங்கள். ஈரம் சீராக நின்றால் காயின் அடி கறுத்து அழுகுவதும் குறையும். கால்சியம் இருந்தும் தண்ணீர் விட்டு விட்டுப் பாய்வதால் வரும் கோளாறு அது. (விலை குறைந்து ராயக்கோட்டைச் சாலையோரம் தக்காளியைக் கொட்டும் கோளாறுக்கு என்னிடம் மருந்து இல்லை.) மாவுக்கு மரத்துக்கு 20, 25 கிலோ, தூரை ஒட்டி அல்லாமல் கிளையின் நிழல் விழும் ஓரத்தில் வட்டமாக. நம் வெயிலில் கரிமம் சீக்கிரம் எரிந்துபோகும். ஒருமுறை போட்டு ஐந்து வருடம் மறந்துவிடலாம் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பச்சையாகவே போட்டுத்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், ஒரே ஒரு இடம் சொல்வேன். கடலை எடுத்த நிலத்தில் புரட்டாசியில் மெல்லியதாகப் பரப்பி உழுது, கொள்ளு விதையுங்கள். கொள்ளு தன் வேர் முடிச்சில் தழைச்சத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும் பயிர். முதல் மூன்று நான்கு வாரம் கொஞ்சம் வாடினாலும் எழுந்துவிடும். அடுத்த ஆடிக்குள் நார் பெரும்பாலும் மட்கியிருக்கும்.

இப்போது நான் தள்ளிவைத்த விஷயம். மரமோ சக்கையோ கொண்டு காகிதம் செய்யும் ஆலையின் நார்க் கசடும், பழைய காகிதத்திலிருந்து மையை நீக்கும் ஆலையின் கசடும் ஒன்றல்ல. மை நீக்கிய கசடில் அச்சு மையின் நிறமிகள், அவற்றோடு வரும் கன உலோகங்கள் தங்கும் வாய்ப்பு உண்டு. கூழை வெளுக்கக் குளோரின் பயன்படுத்தினால் குளோரின் கலந்த கரிமச் சேர்மங்கள் கசடில் தங்கும். அப்படிப்பட்ட கசடு 2016-ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவு விதிகளின் முதல் அட்டவணையில் வருகிறது. மட்கவைப்பது உலோகத்தைக் குறைக்காது. குவியல் வற்றும்போது அடர்த்திதான் கூடும். எனவே லாரிக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த ஆலை, எந்தத் தொட்டியின் கசடு, ஆய்வறிக்கை எங்கே? நிலத்துக்குக் கொடுக்க மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி உள்ள ஆலை இவற்றுக்குப் பதில் சொல்லத் தயங்காது. 'அதெல்லாம் எதற்குங்க, இலவசம்தானே' என்று பதில் வந்தால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். கசடை அப்புறப்படுத்த ஆலைக்குச் செலவு உண்டு; உங்கள் நிலத்தில் கொட்டினால் அந்தச் செலவு மிச்சம். அந்த இலவசத்தில் லாபம் யாருக்கு முதலில் என்பது தெரிந்தால் அறிக்கை கேட்கக் கூச்சம் வராது.

அறிக்கையில் என்ன பார்ப்பது? உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் கழிவு மட்குக்கு வைத்திருக்கும் வரம்பை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். கிலோவுக்கு மில்லிகிராமில் ஈயம் 100, காட்மியம் 5, குரோமியம் 50, நிக்கல் 50, ஆர்சனிக் 10, பாதரசம் 0.15. உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்துத்திறன் மட்கில் 4 dS/m-ஐத் தாண்டக் கூடாது, கரிம தழைச்சத்து விகிதம் 20-க்குள் இருக்க வேண்டும். சோடியம் தனியே கேட்டு வாங்குங்கள். கறுப்பு மண் நிலமாக இருந்தால் இதை இன்னும் கண்டிப்பாகச் சொல்லியிருப்பேன். உங்கள் மண்ணின் கார அமில நிலையையும் கரிமச்சத்தையும் தருமபுரி மண் பரிசோதனை நிலையத்திலோ பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டுப் பார்த்துவிடலாம். காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையமும் உங்களுக்குத் தொலைவு அல்ல. மானாவாரி நிலத்தைப் பற்றி அங்கே கேட்டால் பயனுண்டு.

வாடகைக் கணக்கையும் போட்டுவிடுவோம். பத்து டன் லாரியில் ஆறரை டன் தண்ணீர். மிச்சம் மூன்றரை டன்னில் உங்கள் இரும்புச் சட்டிச் சோதனையில் எரிந்து போன பங்குதான் நீங்கள் வாங்கும் சரக்கு. பாதி எரிந்தால் ஒன்றேமுக்கால் டன். வாடகையை அதால் வகுத்து, அதே அளவு தொழு உரம் உங்கள் ஊரில் என்ன விலை என்று பாருங்கள். தொழு உரத்திலும் தண்ணீரும் மண்ணும் உண்டு, அதையும் கழித்துப் பார்ப்பதுதான் நியாயம். பாலக்கோடு சர்க்கரை ஆலையின் பிரஸ்மட் (கரும்புச் சாற்றை வடிகட்டும்போது மிஞ்சும் கசடு) கிடைக்கிற பருவமாக இருந்தால் நான் அதையே முதலில் வாங்கச் சொல்வேன்: பக்கத்தில் இருக்கிறது, மணிச்சத்து தாராளம், மையும் குளோரினும் கிடையாது.

மகனின் எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது, காரணம் மட்டும் கொஞ்சம் வேறு. தொழிற்சாலையிலிருந்து வந்தது என்பதாலேயே எதுவும் விஷமாகிவிடாது. ஆனால் சான்றளிக்கும் அமைப்புக்கு அனுமதிப் பட்டியல் என்று ஒன்று உண்டு. நிலம் இயற்கை முறைக்கு மாறும் மாற்றக் காலத்தில் இருக்கும்போது பட்டியலில் இல்லாத பொருளைப் போட்டால் அந்தக் காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். ஆய்வறிக்கையின் நகலோடு அவர்களிடம் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்ச்சொல் வேண்டாம். பதில் வரும்வரை பரீட்சைக் குவியலைச் சான்றிதழுக்குக் கொடுக்காத பகுதியில் வையுங்கள். அதுவும் ஒரு டிராக்டர் டிப்பர் அளவுக்கு மேல் வேண்டாம்.

கடைசியாக, குவியலுக்கான இடம். கிணற்றுக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் நூறு அடியாவது தள்ளி, மழைநீர் ஓடி வராத மேட்டில் வையுங்கள். ஆடி, ஐப்பசி மழைக்குத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். நனைந்த குவியலிலிருந்து தேநீர் நிறத்தில் ஒரு சாறு வடியும். அதில் உப்பும் நைட்ரேட்டும் இருக்கும். கிணற்று நீரில் ஃபுளோரைடு இருப்பதால் ஒகேனக்கல் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து குடிக்கிற மாவட்டம் இது, கிணற்றுக்கு இன்னொரு சுமை தேவையில்லை. வடியும் சாற்றை ஒரு சிறு குழியில் தேக்கி, குவியல் காயும்போது அதன்மேலேயே திருப்பி ஊற்றிவிடுங்கள். லாரிக்காரர் அறிக்கை கொடுத்தால் அதன் நகலை எனக்கு அனுப்புங்கள், எண்களைப் பார்த்துச் சொல்கிறேன்.